வட்டத்துக்கு வட்டம் திருநர் உரிமைக் குழு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், வியாசர்பாடியில் குடியிருந்து வருகிறேன். பணிக்காலம் முழுவதும் தொழிற்சங்கத்தில் இருந்த பழக்கத்தினால், இப்போது எங்கள் பகுதிப் படிப்பகத்தில் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அங்கு வரும் திருநங்கையர் சிலருக்கும் எழுதிக் கொடுத்ததில் என் மனத்தில் வலுப்பட்ட கருத்து ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாக வடசென்னை மக்கள் முன்பும், இங்குள்ள கட்சிக் கிளைகள், தொழிற்சங்கங்கள், குடியிருப்போர் நலச்சங்கங்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன். திருநர் (திருநங்கையரும் திருநம்பிகளும்) உரிமைக்கான தீர்ப்புகளுக்கும் அரசாணைகளுக்கும் நம் மாநிலத்தில் குறைவில்லை. அவற்றைக் கேட்டு வாங்குவதற்கான அரசியல் அமைப்புதான் மாநகராட்சி வட்ட (வார்டு) அளவில் இல்லை. அதைக் கட்டும் பொறுப்பைத் திருநர்கள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு ஏனையோர் ஒதுங்கி நிற்பது நியாயம் ஆகாது.

தமிழ்நாடு இதில் முன்னோடி மாநிலம் என்பதை நான் மறுக்கவில்லை. 2008-ஆம் ஆண்டிலேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தோம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், திருநர்களைச் சமூகத்திலும் கல்வியிலும் பிற்படுத்தப்பட்டவர்களாகக் கருதி இடஒதுக்கீடு அளிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது தவறு என்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, திருநர், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் காவல்துறையினர் துன்புறுத்தக் கூடாது என்று எழுதிச் சேர்த்தது. 2025 ஜூலை இறுதியில் திருநர்களுக்கென மாநிலக் கொள்கையும் வெளியானது.

இத்தகைய உரிமைகளில் பல எப்படி வந்தன என்று பார்த்தால், யாரோ ஒருவர் நீதிமன்றப் படியேறிப் பெற்றவையாகவே அவை இருக்கின்றன. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினிக்கு, விண்ணப்பப் படிவத்தில் அவருக்குரிய கட்டமே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உயர் நீதிமன்றத்தை நாடி, 2015 நவம்பரில் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்று, 2017-இல் அவர் பணியில் சேர்ந்தார். அவருடைய மன உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் பத்தாம் வகுப்போடு வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறையில் நால்வரோடு தங்கியிருக்கும் ஒருவரால் வழக்கறிஞரை அமர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போக இயலுமா? வழக்கில் வென்றவருக்குத் தீர்ப்பு கிடைக்கிறது. அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஓர் இயக்கம் வேண்டும்.

கூடிக் குரல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அண்மைக் கால வரலாற்றில் சான்று உண்டு. 2015 ஏப்ரலில் நம் மாநிலத்தைச் சேர்ந்த தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அவ்வாறு நிறைவேறுவது பல பத்தாண்டுகளாக நடவாத செயல். ஆனால் மக்களவையில் அது சட்டமாகவில்லை. அதற்கு மாறாக ஒன்றிய அரசு 2016-இல் கொண்டுவந்த மசோதா, திருநர் என்பவர் முழு ஆணும் அல்லாத முழுப் பெண்ணும் அல்லாதவர் என்று வரையறுத்தது. ஒருவர் திருநர்தானா என்று பார்த்துச் சொல்ல மாவட்டந்தோறும் ஒரு குழுவையும் வைத்தது. திருநர்களைப் பிச்சை எடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. கடை கேட்டு, அதாவது கடை கடையாகக் காசு வாங்கிப் பிழைக்கும் திருநங்கையர் குடும்பத்தில் மூத்தவரையே சிறைக்கு அனுப்பக்கூடிய பிரிவு அது. நாடெங்கும் திருநர் அமைப்புகள் தெருவில் இறங்கின. நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் முறையிட்டன. உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தன. 2019-இல் சட்டமானபோது அந்த வரையறை இல்லை, அந்தக் குழு இல்லை, பிச்சைப் பிரிவும் இல்லை. ஊர்வலம் போவதாலும் மனுக் கொடுப்பதாலும் என்ன பயன் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

அதே சட்டத்தில் போராடியும் மாற்ற முடியாமற்போனவையும் உள்ளன. சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், ஆண் அல்லது பெண் என்று மாற்றிப் பெற வேண்டுமானால் அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவச் சான்று வேண்டும் என்பதும் நிலைத்துவிட்டன. இடஒதுக்கீடு பற்றி ஒரு சொல்லும் சேரவில்லை. எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பதினெட்டாம் பிரிவு. ஒரு திருநர் மீது இழைக்கப்படும் பாலியல் வன்முறைக்கும் அப்பிரிவு விதிப்பது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையே. ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு. ஒரே தெருவில் வாழும் இருவரின் உடலுக்கு இப்படி இருவேறு மதிப்பு வைத்திருக்கும் சட்டத்தை மாற்றுமாறு வடசென்னையின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பது நம் தொகுதி மக்கள் அனைவரின் கடமையல்லவா?

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். காலையில் இட்லிக் கடை போடச் சிறுகடன் கேட்டு வங்கிக்குப் போய்த் திரும்பிய ஒரு திருநங்கை, பிளாஸ்டிக் கோப்பு ஒன்றோடு எங்கள் படிப்பகத்துக்கு வந்தார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பள்ளி மதிப்பெண் சான்றிதழில் பெற்றோர் வைத்த பெயர் இருந்தது. ஆதாரில் அவரே வைத்துக்கொண்ட பெயர். வாக்காளர் அட்டையில் புதிய பெயரும் பழைய பாலினமும். ரேஷன் கார்டில் எந்தப் பெயரும் இல்லை. வீட்டார் என்றோ நீக்கிவிட்டார்கள். எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர் இருந்தால் வரச் சொல்லி வங்கியில் அனுப்பிவிட்டார்கள். ஒன்றைத் திருத்தப் போனால் மற்றொன்றைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டால், அக்கம்பக்கத்தைவிடக் கூடுதல் வாடகையும் முன்பணமும் வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர் எழுத்தில் எதுவும் தர மாட்டேன் என்கிறார். “அப்பா, எந்த ஆபீசுக்குப் போனாலும் நான் யாருன்னு முதல்ல சொல்லணும், அதுக்கப்புறந்தான் எதுக்கு வந்தேன்னு சொல்ல முடியுது” என்றார் அவர். அப்போதிருந்த 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆட்சியர் முப்பது நாட்களுக்குள் சான்றிதழ் வழங்க வேண்டும், அதற்கு உடற்பரிசோதனை எதுவும் தேவையில்லை என்பதை நான் சொல்லித்தான் அவர் அறிந்தார். இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய கவுன்சிலரும், நாம் வரி கட்டும் மாநகராட்சியும், அந்த வட்டத்தில் கொடிக்கம்பம் நட்டிருக்கும் எல்லாக் கட்சிகளின் கிளைச் செயலாளர்களும் அல்லவா?

தனியாக ஒருவர் போனால் அலுவலகத்தில் அலைக்கழிக்கிறார்கள். சங்கத்தின் கடிதத்தோடு பத்துப் பேர் போனால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுகிறார்கள். தொழிற்சங்கத்தில் இருந்த எவருக்கும் இது தெரியும். வடசென்னைக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது நம் பெரம்பூரில்தான். வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் அன்று பேசியது ஆலை வாயிலில் நின்றவர்களின் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றித்தான். அந்தப் பேச்சு நாடு முழுதும் தொழிற்சங்க இயக்கத்துக்கு வழி திறந்தது.

அதே ஆலையில் 1921-இல் நடந்த வேலைநிறுத்தம் எப்படிச் சிதைந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் இடையே மூண்ட பகை புளியந்தோப்பில் தீ வைப்பு, அடிதடி, துப்பாக்கிச் சூடு வரை போனது. மாதக் கணக்கில் கூலியில்லாமல் தாக்குப்பிடிக்க முடியாத நிலையில் இருந்தவர்களின் நிலைமையை முன்கூட்டியே கேட்டறிந்து அவர்களுக்கு வழி செய்யாமல் நடத்திய போராட்டம் அது என்பதே என் மதிப்பீடு. எந்த அமைப்பைக் கட்டினாலும் அதில் மிகவும் நலிந்தவர் யார், அவருக்கு எது இயலும், எது இயலாது என்ற கேள்வியில் இருந்து தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

திருநர் உரிமைக் குழு என்று ஒன்றைக் கூட்டினால், ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம் என்று அறிவிப்பதே நம் வழக்கம். காலையில் எம்.சி. ரோட்டிலும் மின்ட் பக்கமும் கடை கேட்கப் போகிறவருக்கு அன்றைய வருமானமே அந்த நேரத்தில்தான் வருகிறது. ஒரு நாள் வராவிட்டால் வாடகையில் துண்டு விழும். ஆகவே பிற்பகலில் கூட வேண்டும். அவர்கள் வசிக்கும் தெருவிலேயே கூட வேண்டும். அதற்கு முன் ஜமாத்தின், அதாவது திருநங்கையர் கூடி வாழும் சமூக அமைப்பின், மூத்தவர்களைச் சென்று பார்த்து முறையாகப் பேச வேண்டும், ஏனெனில் பெற்றவர்கள் கைவிட்டபோது இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். அதே சமயம் ஜமாத்துக்கு வெளியே இருப்பவர்களும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. குறிப்பாகத் திருநம்பிகள். பெண்ணாக வளர்க்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, திருமணத்துக்கு வற்புறுத்தப்படும் திருநம்பிகளை எந்தத் தெருக்கூட்டத்திலும் நாம் பார்ப்பதில்லை. பெயரையும் முகத்தையும் வெளிக்காட்டாமலே ஒருவர் குழுவில் பங்கு பெற இடம் இருக்க வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட அஞ்சுகிறவருக்காக நம்மைப் போன்ற மற்றவர்கள் கையெழுத்துப் போடலாம். திருநர் அல்லாதவர்கள் குழுவில் இருப்பதன் முதன்மையான பயன் இதுவே என்று கருதுகிறேன். குழுவின் தலைமையும் கோரிக்கையின் வடிவமும் திருநர்களிடமே இருக்க வேண்டும்.

கோரிக்கைகளில் முதன்மையானது கிடைமட்ட இடஒதுக்கீடு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் கூட்டங்களில் இது பலருக்கும் விளங்காமல் போகிறது. தமிழ்நாடு அரசு 2015-இல் திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. உதவி போலத் தோன்றினாலும், அந்தப் பட்டியலுக்குரிய 20 விழுக்காட்டில் எத்தனையோ சமூகங்களின் ஆண்களோடும் பெண்களோடும் போட்டியிட்டு அவர்கள் இடம் பிடிக்க வேண்டும். பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை தன் சாதிப் பட்டியலில் தொடர்ந்தாலும், திருநராக இருப்பதற்கென்று அவருக்குத் தனியாக எதுவும் கிடைப்பதில்லை. சாதியால் ஒரு தள்ளிவைப்பையும் பாலினத்தால் மற்றொரு தள்ளிவைப்பையும் சேர்த்துச் சுமக்கிறவர் அவர். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கண்ணிகாபுரத்திலும் இது ஏட்டுக் கணக்கு அன்று. அங்குள்ள பிள்ளைகளின் வாழ்க்கை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பதுபோல ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்குவதே கிடைமட்ட முறை. கர்நாடகம் 2021-இல் அரசுப் பணிகளில் ஒரு விழுக்காட்டை இம்முறையில் ஒதுக்கிவிட்டது. கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் தலைவர்கள் இதற்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்த முறை சரியன்று என்று கூறி, கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கும்படி அரசைப் பணித்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்று இருந்துவிடாமல், வடசென்னையின் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரிடமும் தங்கள் நிலைப்பாடு என்ன என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

எண்ணிக்கை குறைவு, வாக்கு வங்கி இல்லை, ஆகவே கட்சிகள் பொருட்படுத்த மாட்டா என்று அனுபவசாலிகள் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் ஆண், பெண் அல்லாத பாலினத்தில் பதிவாயினர். பத்தாண்டு கழித்து, 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் மூன்றாம் பாலினத்தவராக இருந்தவர்கள் சுமார் 7,000 பேர் மட்டுமே. முதல் எண்ணிக்கையில் சிறுவர் சிறுமியரும் அடங்குவர், பலர் ஆண் அல்லது பெண் என்றே பட்டியலில் இருப்பார்கள் என்பதெல்லாம் உண்மை; இருந்தும் இந்த இடைவெளி சிறியது அன்று. முகவரி இல்லாததாலும் அடிக்கடி வீடு மாற நேர்வதாலும் விடுபட்டவர்கள் அதில் பலர் இருக்க வேண்டும். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் கணக்கெடுப்பில் இவர்கள் ஒருவர்கூட விடுபடாமல் பார்த்துக்கொள்வதும், வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதும் எந்த நிதியும் தேவைப்படாத வேலை. கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்கள் வீடு வீடாகப் போகிறவர்கள்தானே; திருநர் வசிக்கும் வீட்டுக் கதவையும் தட்டட்டும்.

தேர்தலில் நிற்பதைப் பொறுத்தவரை, நம் பகுதிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் ஆர்.கே. நகர் தொகுதியில், அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவை எதிர்த்து நாம் தமிழர் கட்சி திருநங்கை தேவியை நிறுத்தியது. 2022-இல் வேலூர் மாநகராட்சியில் தி.மு.க. சார்பில் திருநங்கை கங்கா கவுன்சிலராக வென்றார். வேலூரால் முடிந்தது, 200 வட்டங்கள் உள்ள சென்னையால் முடியாதா? திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களில் ஒரு வட்டத்திலேனும், வெல்லக்கூடிய ஒரு வட்டத்திலேனும், ஒரு திருநரைக் கட்சிகள் நிறுத்த வேண்டும். தோற்பது உறுதி என்று தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டு மேடையில் பெருமை பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

இதற்கும் மேலான வழி ஒன்று கண்முன்னே இருக்கிறது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அவர்களும் வாக்கு எண்ணிக்கையில் எந்த வட்டத்திலும் பெரும்பான்மை அல்லர். மாவட்டந்தோறும் சங்கம் வைத்து, ஆட்சியர் அலுவலக வாயிலிலும் கோட்டைக்குப் போகும் வழியிலும் பல ஆண்டுகள் அமர்ந்து, ஒவ்வொரு கோரிக்கையாக முன்வைத்து வந்தவர்கள். அதே திருத்தத்தைத் திருநர்களுக்கும் விரிவாக்கக் கோருவதற்கு இனி முன்னுதாரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இடைக்காலத்தில் வட்டக் குழுக்களும், வட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடும் பகுதி சபைகளும் இருக்கின்றன. பகுதி சபை கூடும்போது அங்கு போய், எங்கள் பகுதித் திருநர்களுக்கு வாடகை வீடு மறுக்கப்படுகிறது, பொதுக் கழிப்பறையில் அவமதிக்கப்படுகிறார்கள் என்று எழுந்து சொல்லிப் பதிவு செய்யும்படி கேட்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. நகரப் பேருந்தில் மகளிருக்கு அறிவித்த கட்டணமில்லாப் பயணம், கோரிக்கை எழுந்ததும் 2021-இலேயே திருநங்கையருக்கும் நீட்டிக்கப்பட்டது. கேட்ட இடத்தில் கிடைத்திருக்கிறது.

எங்கள் படிப்பகத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர், வியாசர்பாடித் திருநங்கையர் இருவரின் தலைமையில் இத்தகைய குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ரயில்வே, துறைமுகம், மாநகராட்சி, ஆட்டோ தொழிலாளர் சங்கங்களின் கிளைகள் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதற்கு ஆதரவாகத் தீர்மானம் இயற்றி, ஆளுக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்று தோழமையோடு கேட்டுக்கொள்கிறேன். தங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சித்திரையில் கூவாகம் திருவிழாவின்போது தங்கள் இதழில் திருநங்கையரின் வண்ணப் படங்கள் நிறைய வருகின்றன; அதில் எனக்குக் குறை இல்லை. 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் அமைந்த சென்னை மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலத்துக்குப் பின், அடுத்த தேர்தலுக்கு வேட்புமனு முடிந்ததும், வடசென்னையின் ஒவ்வொரு வேட்பாளரிடமும் மூன்று கேள்விகளைத் தங்கள் நிருபர்கள் கேட்டு, பதிலை வட்ட எண்ணோடு வெளியிட வேண்டுகிறேன். கிடைமட்ட இடஒதுக்கீட்டை ஆதரிக்கிறீர்களா? மாமன்றத்தில் திருநர் நியமன உறுப்பினர் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவீர்களா? உங்கள் வட்டத்துத் திருநர்களுக்குச் சான்றிதழும் ரேஷன் கார்டும் பெற்றுத்தர உங்கள் அலுவலகத்தில் வாரத்தில் எந்த நாளை ஒதுக்குவீர்கள்? பதில் சொல்லாதவர்களின் பெயரையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர்,
வியாசர்பாடி, சென்னை